காட்டுக்குள் விடாத கேமரா

புளியமரத்திலிருந்து மாமரத்துக்கு ஓர் அணில் தாவியது. நடந்தது அவ்வளவுதான். குலசாமிக்குப் பொங்கல் வைக்கச் செண்பகத்தோப்புக்குப் போயிருந்தோம். அம்மா புகைகிற அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், அப்பா நிழல் பார்த்துத் துண்டை விரித்துக்கொண்டிருந்தார். நான் சும்மாதான் அண்ணாந்து பார்த்தேன். பூனை அளவு இருந்த ஒரு சாம்பல் அணில், உடம்பைவிட நீளமான வாலை விரித்துக்கொண்டு, இரண்டு மரங்களுக்கும் நடுவிலிருந்த வெறும் வானத்தைக் கடந்து போனது. வீட்டு ஓட்டின் மேல் ஓடுகிற முதுகில் கோடு போட்ட அணில் இல்லை இது. மலையடிவாரத்தைத் தாண்டி ஊருக்குள் வராது, மரத்தை விட்டும் லேசில் இறங்காது. போனை எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, அது மறுபடி தாவும்போது அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஒரு கறை.

"இது என்னட்டி, சட்டி தேய்க்கிற நாரா?" என்றாள் அம்மா.

எனக்குக் கேமரா வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். அந்தத் தாவலைப் பிடிக்க வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை.

ஆனால் எங்கள் தெருவில் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்வதற்கும் அதை வாங்குவதற்கும் நடுவில் ஓர் ஆள் நின்றார். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் போர்மேன். எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா. ஒயர் வைத்த எந்தப் பொருளும் அவர் தொடாமல் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. தெரிந்த ஆள் இல்லாமல் கடைக்குள் போனால் வேண்டாததைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை. தெரிந்த ஆளே கட்டிவிடுவார் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

மாமா பொருள் தேர்ந்தெடுக்கும் விதம் ஒன்றுதான். நமக்கு அது எதற்கு என்று கேட்க மாட்டார். கடையின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார். இருப்பதிலேயே பெரியது எதுவோ அதை நோக்கி நடப்பார். அதன் மேல் கையை வைத்து, "நாலு பேரு வீட்டுக்கு வாரான். வந்தவன் கண்ணு எங்க போகும்? இங்கதான் போகும்" என்பார். முடிந்தது. பில் போட்டுவிடுவார்கள்.

எதிர்வீட்டில் ஒரு தெலுங்குப் பாட்டி தனியாக இருந்தாள். பாலும் தயிரும் ஒரு கட்டுக் கீரையும் வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றாள். மாமா இரண்டு கதவு வைத்த ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அது சமையலறை வாசலில் நுழையவில்லை. முன்னறையில் கட்டிலை நகர்த்திவிட்டு அதை நிறுத்தினார்கள். அன்றையிலிருந்து பாட்டி கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போனாள். நான் போனபோது சொன்னாள்: "அம்மாயி, ராத்திரி முழிப்பு வந்தா யாரோ ஆம்பள நிக்கிற மாதிரியே இருக்கு."

பால்காரருக்கு வண்டி வாங்கிக் கொடுத்ததும் மாமாதான். கேன் தொங்கவிட ஒரு மொபெட் போதும் என்றவருக்கு, தெருமுனையில் திரும்பும்போதே சன்னல் அதிர்கிற வண்டியை எடுத்துக் கொடுத்தார். கேனை மாட்டினால் சைலன்சரில் இடித்தது, பால் சுட்டது. பால்காரர் பழைய சைக்கிளிலேயே பால் ஊற்றினார். வண்டி வாசலில் உறை போட்டு நின்றது. சாயங்காலம் பால்காரரின் மகன் உறையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போர்த்துவான். இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். அடுத்த ஆள் நான் என்று அப்போது தெரியாது.

கேமரா விஷயத்தில் நான் மாதக்கணக்கில் படித்திருந்தேன். பார்க்காத வீடியோ இல்லை. முதல் கேமராவில், வெளியிலே மரத்தடியிலும் வெயிலிலும் அலைகிறவளுக்கு, என்ன வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கனம் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே வீட்டில் வைத்துவிட்டுப் போவோம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற லென்ஸ் அதோடேயே சேர்ந்திருக்க வேண்டும். கழற்றி மாட்டுகிற வேலை இருக்கக் கூடாது, எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது, ஆகவே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை வேண்டும். சத்தம் வரக் கூடாது. இவ்வளவும் உள்ள ஒன்று, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியதாக, இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே இருந்தது. நான் இரண்டு தடவை போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன்.

"மச்சான் வரட்டும்" என்றார் அப்பா.

"அவியளுக்குக் கேமராவப் பத்தி என்னப்பா தெரியும்?"

"கடைக்காரன் அவர்ட்ட வாலாட்ட மாட்டான்ட்டி. நீ பேசாம வா."

மாமா ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சோடு நேராகக் கடைக்கு வந்தார். நான் சுட்டிக்காட்டியதைக் கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைத்தார். மாமா அதை ஒரு கையில் எடுத்தார். மேலும் கீழும் அசைத்தார், தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

"இதென்னட்டி? நான் சட்டப் பையில போட்டுட்டுப் போயிரலாம் போலிருக்கு."

"அதுக்குத்தான் மாமா. பையில போட்டுக்கிட்டு மலையடிவாரத்துல நடக்கலாம். இதுல ஜூம் பாருங்க, அந்தக் கடைசித் தெருவிளக்குல ஒக்காந்திருக்கிற காக்கா மூக்கு வர…"

"காக்கா கெடக்கட்டும். இத எடுத்துட்டுப் போனா கேமரா எங்கம்மான்னு கேப்பான்." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், மேல இருக்கே, கருப்பா, அத எறக்கு."

இறக்கினார். கல்யாண வீட்டு மேடையில் எடுப்பவர்கள் கழுத்தில் தொங்குகிற ரகம். உரல் மாதிரி இருந்தது. மாமா அதை வாங்கி என் கழுத்திலேயே மாட்டினார். என் தலை முன்னால் சாய்ந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த பெருமையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

"ஆங்! இப்பப் பாரு. பிள்ள படிச்ச பிள்ளன்னு தெரியுதுல்லா?"

"மாமா, இந்த லென்சுல தூரத்துல இருக்கிறது வராது. பக்கத்துல இருக்கிற ஆளுகளத்தான் எடுக்க முடியும்."

"லென்சு பொறவு வாங்கிக்கிடலாம்."

பிறகு என்றால் எப்போது என்று நான் கேட்டேன். கடைக்காரர் பில் எழுதத் தொடங்கியிருந்தார். அந்தப் பிறகு வரவே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்கு மாமாவும் வந்தார். கூட வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தனியாகப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வனத்துறைச் சோதனைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் போனது. அந்த அம்மாவின் கையில், சத்தியமாகச் சொல்கிறேன், நான் கடையில் சுட்டிக்காட்டிய அதே சின்னக் கேமரா இருந்தது. காவலர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுத்து நான். என் கழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"எங்கம்மா இத எடுத்துட்டு?"

"சும்மா, அணில் எடுக்க சார். காலேஜ்ல படிக்கேன்."

"சும்மா எடுக்கறவுக போன்ல எடுப்பாங்க. இது மாதிரி பெரிய கேமரான்னா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு வரணும். இல்லன்னா என்னயக் கேப்பாங்கம்மா."

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் தன்மையாகத்தான் சொன்னார். வேண்டுமானால் கேமராவை அங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். கேமராவை வைத்துவிட்டு நான் உள்ளே போய் என்ன செய்ய? திரும்பி மாமாவைப் பார்த்தேன், ஏதாவது பேசிச் சமாளிப்பார் என்று.

மாமாவின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"பாத்தியாட்டி! தூரத்துல பாத்த ஒடனே எந்திரிச்சு நின்னுட்டான்! நான் சொன்னேன்லா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அவர் அதையே பேசிக்கொண்டு வந்தார். சீட்டு கொடுத்த கண்டக்டரிடமும் சொன்னார். மறுநாள் தெருவில் சொன்னார், ஆலையில் சொன்னார், டீக்கடையில் என் முன்னாலேயே சொன்னார்: "காட்டுக்குள்ளயே விடமாட்டேன்னுட்டான்யா! அம்புட்டுப் பெரிய கேமரா!" கேட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள். பால்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். காட்டுக்குள் போவதற்காகவே வாங்கிய ஒன்றைக் காட்டுக்குள் விடவில்லை என்பதில் இவர்கள் எல்லோருக்கும் என்ன கொண்டாட்டம்? என் வாழ்க்கையில் அன்றைக்குப் பல்லைக் கடித்த மாதிரி என்றைக்கும் கடித்ததில்லை.

மாமாவைப் பற்றி இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். அதற்கு முந்தின வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மதுரைக்குக் கொண்டுபோனது அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா பெஞ்சில் சரிந்து கிடந்தார், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். மாமா வெள்ளைச் சட்டையோடு நடுவில் போய் நின்று, "யாருய்யா இங்க பொறுப்பு? பேசன்ட்டு பெஞ்சுல கெடக்காரு, நாலு பேரு பாத்துட்டுப் போறான்!" என்று ஒரு சத்தம் போட்டார். சக்கர நாற்காலி வந்தது. டாக்டர் வந்தார். அப்பா பிழைத்தார். அதனால்தான் அப்பா அவர் சொல்லைத் தட்ட மாட்டார். அதனால்தான் எனக்கும் அத்தனை நாள் வாய் வரவில்லை. நன்றியும் எரிச்சலும் ஒரே ஆளின் மேல் வந்தால் எரிச்சலைத்தான் விழுங்க வேண்டியிருக்கிறது.

கேமரா வந்த சேதி பரவியதும் வேலைகள் வரத் தொடங்கின. மாமாவின் அண்ணன் வீட்டுச் சடங்கு. ஆலையில் ஆயுத பூஜை. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முன்னால் கையை விரித்துக்கொண்டு, "வழி விடுங்க, பத்திரிகை, பத்திரிகை!" என்று கத்தினார். கூட்டம் விலகியது. வடம் பிடித்தவர்கள் வரைக்கும் நாங்கள் போய்விட்டோம். நான் தேரை எடுத்தேன். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேமராவுக்குத் தேரும் மேடையும் மணமக்களும்தான் சரி. ஆனால் நான் கேட்டது தேரையா?

அப்புறம்தான் அந்த மாந்தோப்பு. என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டுக்குச் செண்பகத்தோப்புப் பக்கம், காட்டு எல்லைக்கு இந்தப் பக்கமே, சொந்தத் தோப்பு உண்டு. அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கே ஒரு மாமரத்தின் உச்சிக் கவையில் சாம்பல் அணில் கூடு கட்டியிருக்கிறது, உள்ளே குட்டி இருக்கிறது என்று போன் செய்தாள். கழுத்தில் அந்த உரலைக் கட்டிக்கொண்டு ஓடினேன். கூடு தெரிந்தது. அதாவது, கேமராவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அண்ணாந்து தூக்கிப் பிடித்ததில் கை கடுத்தது. தாய் அணில் கிளைக்கு வந்தது, அழுத்தினேன். ‘டபக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மரத்தின் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி வந்தது, மறுபடி டபக், மறுபடி அந்தப் பக்கம்.

தோழி சொன்னாள்: "குட்டி இன்னும் கூட்டுக்குள்ளதான் இருக்கு. வெளிய வரப்ப தாய் கூடவே இருந்து தாவப் பழக்கும். தோப்பப் பாத்துக்கிற அண்ணன் அடுத்த ஞாயித்துக்கெழமைவாக்குல வந்துரும்னு சொல்றாரு. வாரியா? எங்க மாமா பையன்ட்ட பெரிய லென்சு இருக்கு, ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வைக்கேன்."

வாரேன் என்றேன். அந்த வாரம் முழுக்க வேறு எதுவும் என் தலைக்குள் ஏறவில்லை. கூட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்து, தாவலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு குட்டி. அதை நான் பார்க்கப் போகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார். "நாளைக்கு எம் மக வயித்துப் பேரனுக்குக் காது குத்து. திருவில்லிபுத்தூர் மண்டபத்துல. காலைல ஆறு மணிக்கெல்லாம் ரெடியா இருட்டி."

"நாளைக்கு எனக்கு வேல இருக்கு மாமா."

"ஞாயித்துக்கெழம என்னட்டி வேல?"

"அணில் குட்டி வருது."

சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்னதில் என்ன நகைச்சுவை இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அணில் எங்க போயிரப் போகுது, அடுத்த வாரம் எடு" என்றார் அப்பா.

போட்டோவுக்கு வேறு ஆள் கிடையாது, எல்லாரிடமும் சொல்லியாயிற்று என்றார் மாமா. அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "அன்னைக்கி அவிய இல்லன்னா இன்னைக்கி நான் இல்லட்டி" என்றார். நான் போய்க் கேமராவைச் சார்ஜில் போட்டேன்.

போனேன். மொட்டையடித்த தலையில் சந்தனம் வழிய, அந்தக் குழந்தை வீறிட்டு அழுவதை எல்லாப் பக்கமிருந்தும் எடுத்தேன். மாமா ஒவ்வொரு சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, குழந்தையைக் காட்டுவதற்கு முன்னால் என் கழுத்தைக் காட்டினார். பந்தியில் இலை போடும் நேரத்தில் என் போன் அடித்தது. தோழி மூச்சு வாங்கப் பேசினாள். "வந்துருச்சுட்டி! ரெண்டு குட்டி! ஒண்ணு தாவிருச்சு, இன்னொண்ணு பயந்து நின்னுக்கிட்டே இருந்துச்சு, தாய் திரும்பி வந்து முன்னால தாவித் தாவிக் காமிச்சுது… நீ எங்கட்டி இருக்க?"

வடைச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மாமா அப்போதுதான் வந்தார். "இங்க என்ன செய்த? மேடைல மாப்பிள்ள வீட்டுக்காரவுக நிக்காக, வா வா."

எனக்குள் இருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. "மாமா, எனக்கு எதுக்குக் கேமரான்னு ஒரு தடவையாவது கேட்டியளா? அந்தப் பாட்டிக்கு எதுக்கு ஃப்ரிட்ஜுன்னு கேட்டியளா? எதுக்குன்னு யார்ட்டயாவது ஒரு நாள் கேட்டுருக்கியளா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கேட்டா நீங்கள்லாம் சின்னதாத்தான் கேப்பிய. நம்மாளுகளுக்குக் கேக்கத் தெரியாதுட்டி. நான் ஆலைல சேந்த புதுசுல ஒரு ஸ்டூல் கேட்டேன், அதயும் குடுக்கல. பெருசா கேக்கிறவனத்தான் ஒக்காரச் சொல்லுதான்."

சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. அவருக்கு மறுக்கப்பட்ட ஒரு ஸ்டூலுக்காகத் தெருவே அரியணை சுமக்க வேண்டுமா? எனக்குத் தேவை சின்னதுதான். பயந்து போய் நான் சின்னதைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் படித்து, யோசித்து, வெயிலையும் தூரத்தையும் என் கை பலத்தையும் கணக்கில் வைத்துக் கேட்டேன். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைப் படமெடுக்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவர் என்னை எங்கும் கூப்பிடவில்லை. தெருவில் பார்த்தால் "என்னட்டி" என்பார், அவ்வளவுதான். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திருப்பூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய அன்று, அவர் வீட்டுக்குள்ளிருந்து பெரிய பொருள் ஒன்றுமே வராததைத் தெருவே பார்த்தது. ஒரு சின்ன டிவி. ஒரு மடக்குக் கட்டில். அரைக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்காத அளவுக்கு ஒரு சின்ன மிக்சி. அத்தையிடம் கேட்டேன். "எங்களுக்கு எதுக்கு பெருசு, ரெண்டு பேருதான" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிக்சியைப் பிடுங்கித் தெருவில் போட்டிருப்பேன். தன் வீட்டுக்கு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார் மனிதர்!

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, திருவில்லிபுத்தூரில். போன வாரம் அந்தக் கருப்புக் கேமராவை, கல்யாணம் எடுக்கப் புதிதாக ஸ்டூடியோ திறந்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கியதுமே ஒரு கையால் தூக்கிக் கண்ணில் வைத்தாள். அவளுக்கு அது கனக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. தெரிந்த ஆள் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மேசையில் வைத்துப் பார்த்து மட்டும் எதையும் வாங்க மாட்டேன். உச்சி வெயிலில் கடை வாசலுக்கு எடுத்து வருவேன்; துளையில் கண்ணை வைத்து எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிற புறாவின் கண் தெரிகிறதா என்று பார்ப்பேன்; கையை நீட்டியே பிடித்து எப்போது வலிக்கிறது என்று பார்ப்பேன்; சத்தத்தை அணைத்துவிட்டு அழுத்திக் காதில் வைத்துக் கேட்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாந்தோப்புக்குப் போகிறேன். அதே கவையில் இந்த வருடமும் கூடு கட்டியிருக்கிறது என்று தோழி சொல்கிறாள். குட்டி இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. கேமராவைக் கழுத்தில் மாட்டப்போவதில்லை. ஒரு மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு போவேன். வழியில் யார் பார்த்தாலும், பிள்ளை வெங்காயம் வாங்கிக்கொண்டு போகிறது என்றுதான் நினைக்க வேண்டும்.